கல்திட்டையை முப்பரிமாண மாதிரியாகப் பதிவுசெய்யும் முறை

பழனி மலையில் தாண்டிக்குடியைச் சுற்றியுள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளை (பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த ஈமச்சின்னங்களை), விலையுயர்ந்த லேசர் கருவி இல்லாமல், சாதாரணக் கேமராவால் பல கோணங்களில் எடுத்த படங்களை மென்பொருளில் இணைத்தே முப்பரிமாண மாதிரியாக்க முடியும். நிலத்துக்குரியவரிடமோ வனத்துறையிடமோ முன்அனுமதி பெற்றபின் தொடங்குங்கள்.

வெளிச்சமே பாதி வேலை. நிழல் அழுத்தமாக விழும் உச்சிவெயிலைவிட மேகம் மூடிய வானமே ஏற்றது. ஆனால் பனிமூட்டம் அடர்ந்தால் கல்லின் நுண்வரிகள் மங்கிவிடும், மழையில் நனைந்த கல்லோ பளபளத்து மென்பொருளைக் குழப்பும். ஜூம் அளவை மாற்றாமல், அடுத்தடுத்த படங்களில் 70 முதல் 80 விழுக்காடு வரை ஒரே பரப்பு இடம்பெறுமாறு, மூன்று வெவ்வேறு உயரங்களில் சுற்றி வந்து எடுங்கள். மூடுகல்லின் அடிப்பகுதியும் உள்ளறையும் எளிதில் விடுபட்டுவிடும் என்பதால் அவற்றுக்குத் தனிப் பட வரிசை தேவை. அளவுகோலை அருகில் வைக்காமல் எடுத்த மாதிரி அழகாக இருக்கலாம், ஆய்வுக்கு உதவாது. படம் தெளிவாக வரவேண்டுமென்று பாசியைச் சுரண்டுவதோ சுண்ணக்கட்டியால் கோடிடுவதோ கூடவே கூடாது.

படங்களை மெஷ்ரூம் என்னும் இலவச மென்பொருளில் இணைத்து, பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் மாதிரியின் பரப்பை உருவாக்கும் முக்கோணங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால், கைபேசியிலும் திறக்கும் கோப்பு கிடைக்கும். மூலப்படங்களைத் தனியே சேமித்துவையுங்கள். பொதுவில் பகிரும்போது, புதையல் தேடித் தோண்டுவோரை மனத்தில் கொண்டு, துல்லியமான இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள்.