பிள்ளைகளின் முதல் ரக்பி லீக் ஆட்டம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னியின் பாராமட்டாவில், காம்பேங்க் ஸ்டேடியத்தில் ஈல்ஸ் அணிக்கு ஞாயிறு ஆட்டம் இருந்தால், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றையாவது கூட்டத்தில் பார்க்கலாம். நீலமும் பொன்னிறமுமாய்ப் புத்தம்புது ஜெர்சி, அப்பாவின் தோளில் நான்கைந்து வயதுப் பிள்ளை. சீசனுக்குச் சீசன் புதுக் குடும்பங்கள் வருகின்றன, தவறுகள் மட்டும் பழையவையே. தொப்பியையும் தண்ணீரையும் மறக்காதீர்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பணத்தையும் சேர்த்து ஒரு நல்ல நாளையே வீணாக்கும் தவறுகள் வேறு இருக்கின்றன.

முன்வரிசையில் டிக்கெட் வாங்குவது

"முதல் ஆட்டம், பிள்ளை கிட்டத்தில் இருந்து பார்க்கட்டும்" என்று தடுப்பை ஒட்டிய வரிசையில் இடம் வாங்கிவிடுகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும் தவறு இதுதான். பிள்ளை மேல் உள்ள பாசத்தில், கூடுதல் காசு கொடுத்து, பிள்ளையால் ஆட்டத்தையே பார்க்க முடியாத இடத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

ரக்பி லீக் ஆடுகளம், புள்ளி எடுக்கத் தாண்ட வேண்டிய ட்ரை கோட்டில் இருந்து எதிர்ப்பக்க ட்ரை கோட்டுக்கு 100 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். முன்வரிசையில் உட்கார்ந்த சிறு பிள்ளையின் கண் ஏறக்குறைய ஆட்டக்காரர்களின் இடுப்பு, மார்பு உயரத்தில்தான் இருக்கும். அந்த உயரத்தில் தூரம் பிடிபடாது. இருபத்தாறு பேரும் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நிற்பதுபோல்தான் தெரியும். இந்த ஆட்டத்தின் அழகெல்லாம் இடைவெளியில் இருக்கிறது. பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு டாக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி வரிசை கட்டுகிறது. தாக்கும் அணி பந்தைக் கை மாற்றி மாற்றி ஓரத்துக்குக் கொண்டுபோய், அந்த வரிசையில் ஓர் ஓட்டையைத் திறக்கப் பார்க்கிறது. உயரத்தில் இருந்து பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த ஓட்டை தெரியும். தரைமட்டத்தில் தெரிவதெல்லாம் முதுகுகள்.

பிறகு நடப்பது எப்போதும் ஒன்றுதான். எதிர்ப்பக்க மூலையில், ஓரத்தில் ஆடும் விங்கர் பாய்ந்து ட்ரை வைக்கிறார். அரங்கமே எழுந்து கத்துகிறது. பிள்ளை, "என்னப்பா ஆச்சு?" என்கிறது. அப்பாவும் பார்க்கவில்லை, அவர் பெரிய திரையில் ரீப்ளேயைத் தேடிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையும் திரையையே பார்க்கப் பழகிவிடுகிறது. முதல் பாதி முடிவதற்குள் அம்மாவின் கைப்பேசி பிள்ளையின் கையில் இருக்கும். திரையில் பார்ப்பதற்கு வீட்டு சோபாவே போதுமே.

முன்வரிசையின் தொல்லை இதோடு முடியவில்லை. விளம்பரப் பலகை, கேமராக்காரர், கோட்டோரம் ஓடும் டச் ஜட்ஜ் என்று கண்ணை மறைக்க எப்போதும் ஏதாவது இருக்கும். காற்றோடு மழை அடித்தால் கூரை அங்கே காப்பாற்றாது.

எடுக்க வேண்டிய இடம் ஏறக்குறைய பதினைந்தாம் வரிசைக்கு மேலே. 2019இல் திறந்த இந்த ஸ்டேடியத்தில் இருக்கைத் தளங்கள் நல்ல செங்குத்து. மேலே உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலை அவ்வளவாக மறைக்காது. கோல் கம்பத்துக்குப் பின்னாலோ மூலையிலோ விலையும் பொதுவாகக் குறைவு, வரிசையில் ஓட்டை திறப்பதும் நேருக்கு நேர் தெரியும். ஒரு பாதி முழுக்க ஒரு அணி உங்களை நோக்கியே ஓடிவரும். கட்டாயம் நடைபாதையை ஒட்டிய இருக்கையாக இருக்கட்டும். ட்ரை விழும்போது எல்லாரும் எழுந்தால், பிள்ளை படியில் ஏறி நின்று பார்த்துக்கொள்ளும். மது அனுமதி இல்லாத குடும்பப் பகுதி இருந்தால் அதையே எடுங்கள். 1986க்குப் பிறகு பாராமட்டா ஈல்ஸ் லீக் கோப்பை வென்றதில்லை. பந்து கைநழுவினால் பக்கத்து வரிசைப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தைகளைப் பிள்ளை கேட்க வேண்டாம்.

கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கும் வழி இருக்கிறது. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு அணிகள் உடலைச் சூடேற்ற மைதானத்துக்கு வரும்போது முன்வரிசைகள் பெரும்பாலும் காலி. அங்கே நிற்கும் ஊழியரிடம் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தடுப்புவரை கூட்டிப்போங்கள். நூறு கிலோ ஆள் புல்லில் ஓடும் அதிர்வு காலுக்கடியில் தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் தடுப்போரம் வந்து பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுவதும் வழக்கம்.

வெயில் எந்தப் பக்கம் என்று பாராமல் இடம் பிடிப்பது

மாலை 4:05 ஆட்டத்துக்குக் கிழக்குத் தளத்தில் உட்கார்ந்தால் மேற்குச் சூரியனைப் பார்த்தபடி இருப்பீர்கள். ஜூன், ஜூலையில் சிட்னியில் ஐந்து மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். அதாவது முதல் பாதியில் கண் கூசலாம், மறைந்த மறுகணமே குளிர் இறங்கும். மேற்குத் தளம் அல்லது கோல் கம்பப் பக்கம் எடுங்கள். இல்லையென்றால் முன்பக்கம் விளிம்புள்ள தொப்பி ஒன்று, காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று, இரண்டுமே பையில் வேண்டும்.

எட்டு மணி ஆட்டம்

முடிய பத்து மணி ஆகும். வேண்டாம். ஞாயிறு 2 மணி ஆட்டத்துக்குக் காத்திருங்கள்.

ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்

நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநில அணிகள் ஆண்டுதோறும் மோதும் தொடர் இது. முதல் ஆட்டமாக ஒருபோதும் வேண்டாம்.

காதுக்கவசத்தை அழுத பிறகு மாட்டுவது

அணி மைதானத்துக்குள் ஓடிவரும் நேரத்தில் இசை, அறிவிப்பாளரின் குரல், சில ஆட்டங்களில் தீப்பிழம்பும் வாணமும் எல்லாம் ஒரே நொடியில் வரும். அன்றைக்குப் பிள்ளை கேட்கும் முதல் பெரிய சத்தம் அதுதான். அதில் பயந்துவிட்டால் அடுத்த எண்பது நிமிடமும் அடுத்த சத்தம் எப்போது வருமோ என்ற தவிப்பிலேயே போகும். பயந்த பிறகு கவசத்தைக் கொடுத்தால் பல பிள்ளைகள் தட்டிவிடும்.

தலையைச் சுற்றி மாட்டும், காதை முழுக்க மூடும் சிறுவர் அளவுக் கவசம் வாங்குங்கள். சிறு பிள்ளைகளுக்குக் காதுக்குள் செருகும் ஸ்பாஞ்சு கூடாது, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது மாட்டிப் பழக்குங்கள். மைதானத்தில், அணிகள் ஓடிவருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு பாதியின் முடிவிலும் சைரன் ஒலிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எதிர்பார்த்திருக்கும் சத்தத்துக்குப் பிள்ளைகள் பயப்படுவது குறைவு.

விதிகளை வகுப்பெடுப்பது

ஸ்க்ரம், ஆஃப்சைடு, கேப்டன் சேலஞ்ச் எல்லாம் பின்னால் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம். வண்டியில் வரும்போது மூன்று விஷயம் போதும். பந்தைக் கையால் பின்பக்கம்தான் போடலாம். ஆறு முறை பிடிபட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, நான்கு புள்ளி.

இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால், "பந்தை ஏன் எதிரிக்கே உதைத்துக் கொடுக்கிறார்கள்?" என்ற கேள்வி ஆட்டம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். சொல்லிவிட்டால் பிள்ளையே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கும். ஐந்து வந்ததும் "இப்போ உதைப்பாங்க" என்று கத்தும். அந்த ஒரு கணக்கு பிள்ளையை ஆட்டத்தோடு கட்டிப்போட்டுவிடும்.

காயத்தைக் கண்டதும் கண்ணைப் பொத்துவது

இந்த ஆட்டத்தில் அடிபடும், ரத்தம் வரும். யாராவது விழுந்து எழாமல் கிடந்தால், பிள்ளையின் கண்ணைப் பொத்தாமல் நடப்பதைச் சொல்லுங்கள். வண்ணச் சீருடையில் ஓடிவருபவர்கள் சிகிச்சைக்கு வருபவர்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரை வெளியே அழைத்துப்போய்ப் பரிசோதிப்பார்கள், அதற்கு 15 நிமிடம் ஒதுக்குவார்கள். "டாக்டர் பார்க்கிறார்" என்று கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் அமைதியாகிவிடும். வீட்டில் தம்பியை அப்படிப் பிடித்துத் தள்ளக்கூடாது என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது.

இடைவேளைக்காகக் காத்திருப்பது

இடைவேளை பத்தே நிமிடம். கழிவறை வரிசையும் சிப்ஸ் வரிசையும் அதைத் தின்றுவிடும். கடிகாரம் 30ஐத் தாண்டியதும், ஆட்டம் நின்ற ஒரு தருணம் பார்த்து எழுந்து போய்வாருங்கள். எலுமிச்சைச் சாதமோ சப்பாத்திச் சுருளோ வீட்டிலிருந்தே கொண்டுபோனால் சிப்ஸ் வரிசைக்கு வேலையே இல்லை. கண்ணாடிப் புட்டியும் டின்னும் வாயிலிலேயே நின்றுவிடும். பையின் அளவுக்கு வரம்பு உண்டு, அந்த ஸ்டேடியத்தின் விதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மடியில் உட்காரவைத்துச் சமாளிப்பது

ஒரு பாதி நாற்பது நிமிடம் என்றாலும், கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் அதைவிட நீளும். தனி இருக்கை வாங்குங்கள்.

பெண்கள் ஆட்டத்தைக் கணக்கில் எடுக்காதது

2018இல் தொடங்கிய என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) பெண்கள் போட்டியில் ஒரு பாதி 35 நிமிடம்தான். கூட்டம் குறைவு, டிக்கெட் விலையும் குறைவு. வேகத்திலும் மோதலிலும் குறை எதுவும் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முதல் ஆட்டம் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதையே சொல்லலாம். சில நாட்களில் ஆண்கள் ஆட்டத்துக்கு முன்பே அதே மைதானத்தில் இது நடக்கும். அப்படியான நாளில் இரண்டையும் பார்க்கவைக்காதீர்கள். ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நிமிடம் வரை இருந்தே தீருவது

நான்கு வயதுப் பிள்ளையின் பொறுமை பெரும்பாலும் அறுபதாவது நிமிடத்தை ஒட்டித் தீர்ந்துவிடும். பிள்ளை சிணுங்கத் தொடங்கும் முன்பே எழுந்துவிடுங்கள். அப்படி எழுந்தால் இன்னொரு லாபம், ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். பாராமட்டா ஸ்டேஷன்வரை பெரியவர் நடைக்கே கால் மணிக்கு மேல் ஆகும், களைத்த பிள்ளையோடு அரை மணி. வெஸ்ட்மீட் பக்கம் போகிறவர்களுக்கு 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய டிராம் இருக்கிறது. பிரின்ஸ் ஆல்ஃப்ரெட் ஸ்குவேர் நிறுத்தம் ஸ்டேடியத்துக்கு மிகப் பக்கம்.

கடைசிவரை இருப்பதாக முடிவெடுத்தால், சைரன் ஒலித்ததும் கூட்டத்தோடு படியிறங்காதீர்கள். பிள்ளைகள் கை நழுவித் தொலைவது பெரும்பாலும் அந்த நெரிசலில்தான். பதினைந்து நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய பட்டையை வீட்டிலேயே கட்டிவிடுங்கள். வாயிலில் நுழையும்போதே ஊழியரின் சீருடையைக் காட்டி, "அம்மா அப்பாவைக் காணோம்னா இந்தச் சட்டை போட்டவங்ககிட்ட போய் நில்லு" என்று சொல்லிவையுங்கள்.