ஆறுமணிக் குருவி வரும் நாட்களில் செய்யக்கூடாதவை

தீபாவளி நெருங்கும் ஒக்டோபரில் ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மலையகத்துக்கு வரும். ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். இரவில் பறந்து வருவதால், களைத்த குருவி வெளிச்சத்தில் மயங்கி லயத்து வீட்டுக்குள் நுழையும், பங்களா கண்ணாடியில் மோதி விழும்.

பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் சிவப்பு. இவற்றைப் பார்த்து, யாரோ வளர்த்தது தப்பி வந்துவிட்டதென்று கூண்டில் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பியில் மோதி மோதிச் சிறகு முறியும். சோறு, பாண் எதுவும் அதற்கு ஆகாது. மண்புழுவும் பூச்சியுமே அதன் இரை.

மயங்கிக் கிடக்கும் குருவியின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் செத்துவிடும். சப்பாத்துப் பெட்டியின் அடியில் பழந்துணி விரித்து, பக்கங்களில் பென்சில் நுழையுமளவு ஏழெட்டுத் துளை போட்டு, குருவியை நிமிர்த்தி வைத்து மூடுங்கள். இருட்டில் அதன் படபடப்பு அடங்கும். ஒன்றிரண்டு மணித்தியாலம் திறந்து திறந்து பார்க்காதீர்கள். உள்ளே பிறாண்டும் சத்தம் கேட்டால், செடி மறைவில் பெட்டியை நிலத்தில் வைத்துத் திறந்துவிடுங்கள். மேலே வீசக் கூடாது. இரவென்றால் விடியும்வரை பொறுங்கள். சிறகு தொங்கினால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வாழையடியிலும் ஓடைக்கரையிலும் கிடக்கும் சருகைக் கூட்டிக் கொளுத்துவதைத் தவறென்றே பலர் நினைப்பதில்லை. ஆனால் குருவி அங்கேதான் சாப்பிடுகிறது. இரண்டு தத்து தத்தி நிற்கும்; குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும்; அலகால் ஓர் இலையைப் புரட்டித் தள்ளி, ஈர மண்ணில் குத்தும். சருகு போனால் ஈரம் போகும், புழுவும் போகும். வேலியோரம் நாலடி அகலத்துக்காவது சருகை விட்டுவையுங்கள். அங்கே களைநாசினியும் வேண்டாம். நிலத்தில் மேயும் குருவி என்பதால், காலையிலும் மாலையிலும் பூனையை உள்ளே வைத்திருப்பது அவசியம்.

கூடு தேடிப் புதரைக் கலைக்காதீர்கள். அது கூடு கட்டுவது இங்கே இல்லை, இந்தியாவில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அதைப் படமெடுக்கப் போகிறவர்கள் போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்க வேண்டாம். தன் இடத்துக்கு வேறொரு குருவி வந்துவிட்டதென்று மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடிவரும். காலை, மாலை ஆறு மணியையொட்டி அதுவே இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். ஓடைப் பக்கம் அசையாமல் நின்றால், சருகு சலசலக்கும் இடத்தில் தானாகவே வெளியே வரும்.