சந்துச் சுவரில் ஓவியம்: படத்திலிருந்து தொடங்காதீர்கள்

மும்பை துளசி பைப் ரோட்டின் நீண்ட ரயில்வே மதிலில் 2009 ஆகஸ்டில் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் கூடி, ஆளுக்கொரு துண்டாக வரைந்தார்கள். 2014இல் பாந்த்ராவின் எம்.டி.என்.எல். தொலைபேசி நிறுவனக் கட்டடத்தில், இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே பிரம்மாண்டமான சுவரோவியமாக எழுந்தார். இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் சந்திலும் ஒரு சுவர் பேச வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் கிளம்பும் குழுக்களில் பெரும்பாலானவை கையில் படத்தை வைத்துக்கொண்டு சுவர் தேடுகின்றன. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்பதை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்போது மட்டும் நினைவுகூர்கிறோம். மும்பைச் சுவருக்கு அது நேர்ப்பொருளிலேயே பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்த சுவர், மழை விட்டதும் காய்ந்துவிடாது. அக்டோபர் வெயிலைப் பார்த்து அவசரப்படாமல், மாலையில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. அதன்மேல் எனாமல் அடித்தால் கொப்பளித்து உரியும். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், குழாய்க் கசிவோ கழிவுநீரோ தரை ஈரமோ, எங்கிருந்தோ சுவருக்குள் நீர் வருகிறது; அதைச் சரிசெய்யாமல் எத்தனை கோட்டிங் அடித்தும் பயனில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டினால், சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பிரைமர் என்ற அடிப்பூச்சு. புதுப் பூச்சு என்றால் நான்கு வாரமாவது காய வேண்டும். மலிவு என்று டிஸ்டெம்பர் வாங்காதீர்கள். அது வீட்டுக்குள் அடிப்பது. வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன்தான் மழையைத் தாங்கும்.

அடுத்தது அனுமதி. வீட்டுக்காரரோ, குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கமான சொசைட்டியோ எழுத்தில் தர வேண்டும். மாநகராட்சிச் சுவருக்கு வார்டு அலுவலகம், ரயில்வே மதிலுக்கு ரயில்வே. பொது இடத்துச் சுவர்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக மகாராஷ்டிரத்தில் 1995 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. 'நல்ல காரியம்தானே' என்பது அனுமதிக் கடிதம் ஆகாது.

இனி, என்ன வரைவது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நம்பிக்கை என்றதும் ஒரு உதயசூரியன், சிறகு விரித்த பறவை, கோத்த கைகள். எந்த ஊர்ச் சுவரிலும் ஒட்டலாம் என்பதால் அது எந்த ஊருக்கும் சொந்தமில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் மாற்று வீடு தனக்குக் கிடைக்குமா, கிடைத்தாலும் எங்கே என்று தெரியாமல் இருப்பவரின் வாசலுக்கு எதிரே, வெளியிலிருந்து வந்தவர்கள் 'கனவு காண்' என்று எழுதிவிட்டுப் போவது ஆறுதல் அல்ல. காட்கோபர் பக்கம் அசல்பா குன்றின் வீடுகளுக்கு வண்ணம் பூசியபோது, மெட்ரோவில் போகிறவர்களுக்கு அழகாகத்தான் இருந்தது. சுவருக்கு உள்ளே இருக்கும் வாழ்க்கை மாறிவிட்டதா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அந்தக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள்.

அதனால் ஓவியர் வருவதற்கு முன்பே சந்தில் உட்கார்ந்து பேசுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். இட்லி சுட்டுப் பாத்திரத்தில் சுமந்துபோய் விற்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் மராத்தியோ உருதுவோ பேசுவார்கள். அவர்களும் தினமும் அந்தச் சுவரைக் கடப்பவர்கள்தான். 'எதை இங்கே பார்க்க ஆசை?' என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் பூ என்பார்கள். 'இந்தச் சந்தில் எது போய்விட்டால் வருத்தப்படுவீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், படம் கிடைக்கும். சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் வரையும் யோசனையை யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒருவர் எச்சில் துப்பினால் அடுத்த நாள் அது சண்டை.

வேலை நாளில் ஆர்வக்கோளாறாக மீட்டர் பெட்டி, வீட்டு எண் மீதெல்லாம் தூரிகை போய்விடும். தாராவியில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காகச் சுவரிலோ கதவிலோ எழுதிப்போன எண்ணை அழித்துவிடாதீர்கள். அந்த வீட்டுக்காரருக்கு அது உங்கள் ஓவியத்தைவிட முக்கியம். தொங்கும் மின்கம்பி பக்கத்தில் இரும்பு ஏணி கூடாது. பிள்ளைகளுக்குக் கை எட்டும் உயரம் வரைதான்; அதற்கு மேல் சாரம் கட்டிப் பெரியவர்கள் வரையட்டும்.

சாக்கடை தெறிக்கும் கீழ் ஓரடியைப் படமில்லாமல் அடர்நிறப் பட்டையாக விடுங்கள். அதை மட்டும் மறுபடி அடிப்பது எளிது. மிச்ச பெயின்ட்டை இறுக மூடி, எந்த நிறம், எந்தக் கம்பெனி, அந்த நிறத்துக்கு என்ன எண் என்று டப்பாமேல் எழுதி, சந்திலேயே ஒரு மளிகைக் கடையில் கொடுத்து வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு சுவரைத் தொட்டுச் சரிசெய்யப்போவது யார் என்பதை, முதல் கோடு போடுவதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.