மரத்தூளும் உடைந்த செங்கலும் கலந்து செங்கல் சுடுவது எப்படி

களிமண்ணோடு கழிவைக் கலக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிக் கொட்டுவதுதான். மரத்தூளோ உமியோ, 100 கிலோ காய்ந்த மண்ணுக்கு 5 கிலோ போதும். முதல் சூளையில் நான் அதைப்போல இரண்டு மடங்கு போட்டேன், கல் தூக்குவதற்கு லேசாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. தூள் எரிந்துபோன இடமெல்லாம் பொந்து, அவ்வளவுதான் விஷயம். பொந்து கொஞ்சமாக இருந்தால் எடையும் சூடு கடத்துவதும் குறையும், தூளே எரிவதால் விறகும் மிச்சம்.

மண்ணைச் சலித்துச் சுக்கான் கற்களை, அதாவது மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கல் துண்டுகளை, பொறுக்கிவிடுங்கள். சூளையில் அது சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் பட்டதும் உப்பிக் கல்லைப் பிளக்கும்.

மண் ரொம்பப் பிசுபிசுப்பாக இருந்தால், உடைந்த செங்கலை இடித்துச் சலித்த பொடியைப் பத்தில் ஒரு பங்கு சேருங்கள், காயும்போது சுருக்கம் குறையும். கண்ணாடித் தூளும் சேர்க்கலாம், மாவு போல அரைத்திருந்தால் மட்டும். அது உருகி மண்ணைப் பிணைக்கும், கூடினால் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். பிளாஸ்டிக்கை மட்டும் கிட்டேயே கொண்டுவராதீர்கள், அந்தப் புகை விஷம்.

தண்ணீர் ஊற்றி மிதித்து, ஈரச் சாக்கு போட்டு மூடி ஒரு ராத்திரி ஊறவிட்டு, அப்புறம் அச்சில் அறையுங்கள். ஒரு பச்சைக் கல்லின் மேல் ஆணியால் சரியாக 10 செ.மீ. கோடு கீறி வையுங்கள். நிழலில் முழுக்கக் காய்ந்தபின் அளந்தால் 9.2-க்கும் கீழே போயிருக்கிறதா? அந்தக் கலவையில் செய்த கல்லில் வெடிப்பு விழும், செங்கல் பொடியைக் கூட்டுங்கள்.

இனி சூளை. இங்கேதான் பொறுமை வேண்டும். 300 முதல் 600 டிகிரி வரை மெதுவாக, காற்று நன்றாக உள்ளே போகும்படி ஏற்றுங்கள், மரத்தூள் எரிந்து தீர வேண்டியது அந்த நேரத்தில்தான். அவசரப்பட்டால் மேல்பக்கம் இறுகி, கரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்க்க அழகான சிவப்பு, உடைத்தால் நடுவில் பென்சில் கரி மாதிரி கறுப்பு. 573 டிகிரியில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும், அதனால் இறங்கும்போதும் நிதானம். உச்சம் 900 முதல் 1000 வரை, அங்கே சில மணி நேரம் நிறுத்தி, அப்புறம் சூளையைத் திறக்காமல் தானாக ஆறவிடுங்கள்.

கடைசியில் ஒரு கல்லை எடை போட்டு 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் வெளிச்சுவருக்கு வேண்டாம், அடுத்த முறை மரத்தூளைக் குறையுங்கள். அந்தக் கல்லையும் வீணாக்காதீர்கள், இடித்தால் அடுத்த கலவைக்குப் பொடி ஆச்சு.