ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தும் கால் ஏன் மறுபடி வலிக்கிறது? பட்டாளத்துக்கு ஓடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழ்பவானி வாய்க்கால் கரையிலும் ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானத்திலும் விடியற்காலையில் ஓடுகிற பையன்களிடம் கால் வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு, சரியாப் போயிரும்" என்பார்கள். போகும், அதில் பொய்யில்லை. பதினைந்தாம் நாள் அதே மைதானத்தில், அதே வேகத்தில், அதே தூரம் ஓடுவார்கள். ஒரு வாரத்துக்குள் அதே எலும்பு, அதே இடம், அதே வலி. ஓய்வு வலியை அடக்கியதே தவிர, வலியைக் கொண்டுவந்த ஓட்டம் அப்படியே இருக்கிறது. லீவு முடித்து யூனிட்டுக்குத் திரும்பி, முதல் வாரமே சாமான் கட்டிக்கொண்டு 5 கி.மீ. ஓடுகிற ஜவானுக்கும் இதே கதைதான்.

முழங்காலுக்குக் கீழே ஓட்டத்தால் வருகிற வலிகளில் பெரும்பாலானவை கத்தி வைக்காமலே சரியாகக்கூடியவை. ஆனால் எல்லாவற்றையும் "ஷின் பெயின்" (கணைக்கால் வலி) என்று ஒரே பையில் போட்டுவிட்டால் சரியாகாது.

கட்டை விரலால் தேடுங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மறு தொடைமேல் போடுங்கள். கணுக்காலின் உள்பக்க மொட்டிலிருந்து மேல்நோக்கி, எலும்பின் உள்விளிம்பைக் கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கு, அதற்கு மேலும், பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், அதாவது விரிசல் இல்லாமல் கணைக்கால் எலும்பின் விளிம்பில் ஓட்டப் பாரத்தால் வருகிற வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானால் குறையும், மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது மறுபடி எட்டிப் பார்க்கும்.

ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் "ஐயோ" என்று சொல்லவைக்கிற வலி, ஒற்றைக் காலில் நொண்டியடித்தால் அதே புள்ளியில் குத்துவது, படுத்த பிறகும் ராத்திரியில் விண்விண்ணென்று தெறிப்பது: இவை இருந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒன்றும் தெரியாது. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லீங்" என்று மறுநாளே கிரவுண்டுக்குப் போய்விடுவார்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவது வழக்கம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். தொடை இடுக்கில் வலி என்றாலும், கணைக்கால் எலும்பின் முன்முகட்டில் நடுவாக வலி என்றாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இரண்டு இடத்து விரிசலும் மோசமானவை, முழு முறிவாக மாறக்கூடியவை. நடந்து நடந்து சிப்பாய்களின் பாதம் வீங்குவதை பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாப்ட் 1855-லேயே எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல். அந்த வீக்கத்துக்குக் காரணம் எலும்பு விரிசல் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வகையில் எலும்பை அழுத்தினால் வலிக்காது. ஓட ஆரம்பித்து ஏறக்குறைய ஒரே நேரத்தில், உதாரணத்துக்கு ஒவ்வொரு தடவையும் மூன்றாவது ரவுண்டில், கணைக்காலின் முன்பக்கச் சதை கல்லாக இறுகும். பாதம் தரையில் சப்பென்று விழும், பெருவிரல் இடுக்கு மரத்துப்போகும். நின்றுவிட்டால் கால்மணி, அரைமணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். சதையை மூடியிருக்கிற உறைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது இது. டாக்டர்கள் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். ஓடாத நேரத்தில் போய்க் காட்டினால் கால் நன்றாகத்தான் இருக்கும். அதனாலேயே "நடிக்கிறான்" என்று பேர் வாங்கியவர்கள் பட்டாளத்தில் உண்டு.

ரிசல்ட் வந்த பிறகு ஓடலாம் என்பது

அக்னிவீர் தேர்வில் 2023 முதல் ஆன்லைன் பரீட்சை முதலில், மைதானத்தில் ஓடிக்காட்டுகிற ரேலி பிறகு. அதனால் பரீட்சை முடியும்வரை புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டு, ரிசல்ட் வந்த மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து, 1.6 கி.மீ.-ஐ ஐந்தரை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தினமும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். மூச்சு சீக்கிரம் பழகும். எலும்பு அப்படியில்லை. புது ஓடு வேய்வதற்கு முன்னால் பழைய ஓட்டைப் பிரிக்கிற மாதிரி, திடீர்ப் பாரம் விழுந்ததும் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைக்கும், புதியதைப் பிறகுதான் கட்டும். இடைப்பட்ட மூன்றாவது, நாலாவது வாரத்தில் எலும்பு பலம் குறைந்து நிற்கும். "இப்பத்தான் டைமிங் வருது" என்று பையன் வேகத்தைக் கூட்டுவதும் சரியாக அதே வாரத்தில்தான்.

ராத்திரி தறிப் பட்டறையிலோ பனியன் கம்பெனியிலோ ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராகக் கிரவுண்டுக்கு வருகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. உழைப்பைப் பாராட்டலாம், திட்டத்தைப் பாராட்ட முடியாது. இஸ்ரேல் ராணுவத்தில் குறைந்தது 6 மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, நடைப்பயிற்சியின் மொத்த அளவையும் குறைத்தார்கள். எலும்பு விரிசல் பாதிக்கும் கீழே இறங்கியது. தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான்.

ஷின் ஸ்பிளின்ட் என்றால் முழு ஓய்வு வேண்டாம். சைக்கிள் மிதியுங்கள், நீச்சல் தெரிந்தால் கிணற்றில் நீந்துங்கள். அரைமணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை என்ற நிலை வந்ததும் ஒரு நிமிஷம் மெதுவோட்டம், ஒரு நிமிஷம் நடை என்று பத்துத் தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் ஓடுகிற நிமிஷத்தைக் கூட்டுங்கள். வேகம் கடைசியில். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக்கூடாது. பத்துக்கு இரண்டு மார்க் வலி வரை ஓடும்போது பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை அது ஏறியிருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். கூடவே வாசற்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை வீதம் மூன்று சுற்று. முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. ஆடுசதை பலமானால் எலும்புக்குப் போகும் அதிர்ச்சி குறையும். விரிசல் உள்ளவர்கள் டாக்டர் அனுமதிக்கும்வரை இதில் எதையும் தொடாதீர்கள்.

வாய்க்கால் கரையில் ஓடும்போது சரிவு எப்போதும் ஒரே பக்கம் இருக்கிறது. போகும்போது பாதி, வரும்போது பாதி என்று ஓடினால் ஒரே காலுக்குப் பாரம் சேராது.

எட்டி வைத்து ஓடுவது

உயரமான பையன்களுக்கு இந்தப் பழக்கம் அதிகம். காலை முன்னால் நீட்டி, குதிகாலால் தரையைக் குத்தி ஓடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற முன்பக்கச் சதைக்குத்தான் வேலை. வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள், நிமிஷத்துக்கு எத்தனை அடி என்பது வரும். 160 வந்தால் 168-லிருந்து 176-க்குள் கொண்டுவாருங்கள், வேகம் மாறாமல். போனில் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் ஆப் இலவசமாகவே கிடைக்கும். அடி குட்டையாகும், பாதம் உடம்புக்குக் கீழே விழும்.

அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில், கம்பார்ட்மென்ட் வலிக்கு ஆபரேஷன் என்று முடிவான 10 பேருக்கு ஆறு வாரம் முன்பாதத்தில் ஓடக் கற்றுக்கொடுத்தார்கள். 2012-ல் வெளியான அந்த முடிவுப்படி, சராசரி 1.4 கி.மீ.-ல் நின்றவர்கள் 4.8 கி.மீ. ஓடினார்கள், ஒரு வருஷம் கழித்தும் யாருக்கும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும் கத்திக்கு முன் இதை முயன்று பார்க்கலாம் என்பதற்கு அது போதும்.

வீடியோவைப் பார்த்துவிட்டு மறுநாளே நுனிக்காலில், அதுவும் வெறுங்காலில், முழு தூரமும் ஓடுவது இதற்கு நேர் எதிர்த் தவறு. ஷின் வலி போய்க் குதிநரம்பு வலி வரும், பாத எலும்பில் விரிசல்கூட வரும். முதல் வாரம் இரண்டு மூன்று நிமிஷம், அவ்வளவுதான்.

தைலம், ஷூ, மாத்திரை

தைலம் தேய்ப்பதில் கெடுதல் இல்லை, சுகமாக இருக்கும். விரிசல் உள்ள இடத்தை உருவி விடுவது, நாட்டுக்கட்டு போட்டு இறுக்குவது, இரண்டும் வேண்டாம். ஓட்டத்துக்கு முன் கால் நீட்டிப் பயிற்சி செய்தால் காயம் வராது என்பதை ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,538 பேரிடம் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள், வித்தியாசமே இல்லை. பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுப்பதை அமெரிக்கப் படைகள் சோதித்தன. அதனாலும் காயம் குறையவில்லை. விலை உயர்ந்த ஷூவுக்கு அப்பாவை நச்சரிப்பதைவிட, தேய்ந்துபோனதை மாற்றி, காலுக்கு இதமானதைப் போட்டால் போதும். வலிக்கிற இடத்தில் அதிர்வலை செலுத்துகிற ஷாக்வேவ் சிகிச்சையில் சில ஆய்வுகள் பலன் என்கின்றன, சில இல்லை என்கின்றன. ஓட்டத்தை மாற்றாமல் அதற்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: கூடாது. விரிசல் முறிவாகும்வரை தெரியாது. வெயிலில் வியர்த்து ஓடும் உடம்புக்கு அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

எடை குறையவேண்டும் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்துகிறவர்களுக்கும் எலும்பு ஆறாது. அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தினமும் 2,000 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தபோது விரிசல் 20 சதவீதம் குறைந்தது. நம் ராகிக் களியில் கால்சியம் தாராளம். அதோடு தயிர், முட்டை சேருங்கள். போலீஸ், ராணுவத் தேர்வுக்கு ஓடுகிற பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் "ஓடுறதால அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரைப் பாருங்கள். சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

மறைப்பதும் அவசரப்படுவதும்

ஜவான்கள் எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறை) போகத் தயங்குவது எதற்கென்று தெரியும். ஷேப்-1 என்கிற முழு உடல்தகுதி போய்விடும், கோர்ஸ் போய்விடும், பிரமோஷன் தள்ளும். ஆனால் ஆரம்பத்தில் காட்டினால் சில வாரம் ஓட்ட விலக்கோடு முடியக்கூடியது, முறிவான பிறகு பல மாதம் இழுக்கும். லீவில் இருந்தால் வெலிங்டன் ராணுவ மருத்துவமனை பக்கம்தானே.

இன்னொரு பக்கம், "ஆபரேஷன் பண்ணிட்டா ஒரே வழி" என்று அவசரப்படுகிறவர்கள். கம்பார்ட்மென்ட் வலிக்குச் சதை உறையைக் கீறிவிடுகிற ஆபரேஷன் செய்துகொண்ட 611 அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி 2013-ல் வந்த ஆய்வில், ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு வலி திரும்ப வந்திருந்தது. மாதக்கணக்கில் ஒழுங்காக மற்ற வழிகளைப் பார்த்தும் முடியாதவர்களுக்கு அது இருக்கட்டும்.

ஓட்டத்தை நிறுத்திய பிறகும் கால் கல்லாக இறுகி வலி ஏறிக்கொண்டே போனால், பாதம் சில்லென்று வெளுத்தால், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி டாக்டரிடம் போகும்போது நாலு விஷயத்தை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த இடம், ஓட ஆரம்பித்து எத்தனையாவது நிமிஷம், நின்ற பிறகு எவ்வளவு நேரம், பாதம் மரத்துப்போகிறதா. முடிந்தால் வலி வரும்வரை ஓடிவிட்டுப் போய்க் காட்டுங்கள். விரிசல் சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் அப்படி ஓடாதீர்கள், யாராவது வண்டியில் கூட்டிப்போனால் நல்லது.