செட்டிநாட்டு வீட்டில் முதல் காய்கறித் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவு முற்றத்தில்தான் முதல் ஆறு தக்காளிச் செடிகளை வைத்தேன். நாலாபுறமும் பத்தி என்கிற தாழ்வாரம், நடுவில் திறந்த வானம், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய். இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் செடிகள் என் தோள் உயரம் வளர்ந்தன. மெலிந்து, வெளிறி, வெளிச்சத்தைத் தேடி ஓட்டு விளிம்புப் பக்கம் சாய்ந்து நின்றன. காய் ஒன்றுகூட இல்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இங்கே வற்றல் போட்டால் வெயில் நகர நகரத் தட்டையும் நகர்த்துகிறோமே தம்பி, செடியை யார் நகர்த்துவது?"

தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாவற்றுக்கும் நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. நம் முற்றங்கள் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மழைநீருக்கும் கட்டப்பட்டவை. உச்சி வேளையை ஒட்டிச் சிறிது நேரம்தான் தரையில் வெயில் விழும். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் முற்றத்தின் தென்பாதிக்கு அதுவும் கிடைக்காது. மழை பெய்தால் ஓட்டுச் சரிவிலிருந்து கொட்டும் தண்ணீர் தொட்டி மண்ணைக் குழி பறித்துவிடும். புதினா, கற்பூரவல்லி, வல்லாரை வைக்க முற்றம் போதும். காய்கறிக்குப் பின்கட்டைத் தாண்டிய தோட்டம்தான் சரி. இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை மணிக்கு ஒரு முறை போய், வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் ஆறு செடிகள் பிழைத்திருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வட்ட வட்டமாகக் கறையும் விழுந்திருக்காது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மொட்டை மாடி இருக்கிறதே என்பீர்கள். புதிதாகக் கட்டிய கான்கிரீட் மாடி என்றால் கட்டியவரைக் கேட்டுவிட்டு, சுவர்களை ஒட்டி வைக்கலாம். பழைய சுண்ணாம்புத் தளம் என்றால் வேண்டாம். 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள ஒரு பை, மண்ணும் ஈரமும் சேர்ந்தால் 30 கிலோவைத் தாண்டும். இருபது பைகள் வைத்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தளத்துக்குப் பாரத்தைவிட நாள்தோறும் கசியும் ஈரம் பெரிய எதிரி. நாலு கிலோ கத்தரிக்காய்க்காகத் தாத்தா கட்டிய தளத்தை ஒழுக விடக் கூடாது.

காலண்டரைப் பார்க்காமல் தொடங்குவது

நம் ஊர்ப் பக்கம் பலருக்கும் தோட்ட ஆசை வருவது மே மாதத்தில். பிள்ளைகளுக்கு விடுமுறை, வெளியூரிலிருந்து எல்லாரும் வந்திருப்பார்கள், வீடு கலகலப்பாக இருக்கும். உற்சாகத்தில் பைகள், விதைகள், பூவாளி எல்லாம் வாங்கியாகிவிடும். ஆனால் அது அக்னி நட்சத்திரக் காலம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூக்கும், உதிரும், மறுபடி பூக்கும், மறுபடி உதிரும். கடைக்காரரிடம் போய்ப் பூ உதிர்கிறது என்றால் ஏதாவது ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார். பாட்டிலால் வெயிலைக் குறைக்க முடியாது.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது வயலுக்கு மட்டும் சொன்னதல்ல. இங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் கத்தரி, மிளகாய் விதைகளை நாற்றுக்குப் போட்டு, நான்கைந்து வாரம் கழித்து ஆவணியில் எடுத்து நட்டால், பெருமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசி அடைமழையில் நாற்றுப் போட்டால் தண்டின் அடி அழுகி, இரவோடு இரவாகப் படுத்துவிடும். ஆடியைத் தவறவிட்டவர்களுக்குத் தைப் பட்டம் இருக்கிறது. மே மாதத்தில் கை அரித்தால் மண்ணைத் தயார் செய்யலாம், பந்தலுக்குக் கால் நடலாம். அந்த வேலையே நிறைய இருக்கிறது.

செம்மண்ணை நம்பி ஏமாறுவது

எங்கள் மண் பார்க்க அழகு. மழை பெய்து ஓய்ந்த மாலையில் அந்த நிறத்துக்கு ஈடு கிடையாது. அதே மண்ணைத் தோண்டித் தொட்டியில் அப்படியே நிரப்பினால் பத்து நாளில் செங்கல். மேலே ஓடு கட்டிக்கொள்ளும், ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே ஓடும். தண்ணீர் கீழே வருகிறதே, நன்றாக நனைந்துவிட்டது என்று நாம் நினைப்போம்; நடு வேர் காய்ந்து கிடக்கும். இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு தென்னை நார்க் கழிவு என்று கலந்தால் மண் பொலபொலவென்று இருக்கும். நார்க் கழிவை அப்படியே கொட்டக் கூடாது. அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. பழைய வீடுகளில் எப்போதோ இடித்த சுவரின் காரையும் சுண்ணாம்பும் பின்பக்கத் தோட்டத்தில்தான் கொட்டப்பட்டிருக்கும். மேலே ஒரு சாண் மண் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் நட்ட செடிகளின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மாறும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இது தெரியாமல் நான் உரத்துக்கு மேல் உரமாகப் போட்டேன். கடைசியில் மண்வெட்டியை எடுத்து ஒன்றரை அடி தோண்டியபோது வெள்ளை வெள்ளையாகக் காரைக் கட்டிகள் வந்தன. நடுவதற்கு முன் நாலு இடத்தில் குழி எடுத்துப் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மண் பரிசோதனை செய்யலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையம் செட்டிநாட்டிலேயே இருக்கிறது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அங்கே விசாரிக்கலாம்.

எருவிலும் அவசரம் கூடாது. பச்சைச் சாணம் மக்கும்போது சூடேறி வேரைக் கருக்கும். அதோடு வெள்ளை வெள்ளையாகப் புழுக்களும் வந்து சேரும். கையில் எடுத்தால் சாண வாசனை போய் மண் வாசனை வர வேண்டும், அதுதான் பக்குவம். ஆட்டுப் புழுக்கையையும் மக்க வைத்துப் பொடித்தே போட வேண்டும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. தொட்டிச் செடிக்கு ஒரு பிடி போட்டால் மறுநாளே இலை கருகும். கொஞ்சமாகப் போட்டாலும் இலை தளதளவென்று வந்து, காய்க்குப் பதில் அசுவினிப் பூச்சிதான் நிறையும்.

பாசத்தில் தண்ணீர் ஊற்றுவது

புதியவர்களின் செடிகள் தாகத்தைவிட அதிகத் தண்ணீரால்தான் சாகின்றன என்பது என் எண்ணம். இரண்டிலும் செடி வாடித்தான் நிற்கும் என்பதால் குழப்பம். வேர் அழுகினாலும் தண்ணீர் மேலேறாது, இலை துவளும். நாம் இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். பூசணி, சுரை, பீர்க்கை இலைகள் நடுப்பகலில் தொங்கிப் போவது இயல்பு. மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதும் தவறுதான். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். அப்போது சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய்க்குப் போய்ச் சேருவதில்லை.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி: மானாமதுரைப் பக்கம் செய்யும் மண்பானை ஒன்றைச் செடிக்கு அருகில் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். வேருக்கு வேண்டியது மெல்லக் கசியும். இரண்டு மூன்று நாள் கவலை இல்லை.

விதைப்பில் நேரும் பிழைகள் சின்னவை, ஆனால் எரிச்சலூட்டுபவை. வெண்டை, அவரை, கொத்தவரை, கொடிக்காய்கள் ஆகியவற்றை இடத்திலேயே ஊன்ற வேண்டும். பிடுங்கி நட்டால் முறைத்துக்கொள்ளும். விதையின் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் போட்டால் சரி. தூவிய மறுநாள் எறும்பு வரிசையாக வந்து விதையைத் தூக்கிப் போய்விடும். ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவி அதன் கவனத்தைத் திருப்புவது இங்கே வழக்கம். வீரிய ஒட்டு ரகத்தின் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டு போட்டால் தாய்ச்செடியைப் போல வராது. விதை சேர்க்க ஆசை உள்ளவர்கள் நாட்டு ரகத்தில் தொடங்க வேண்டும். இரண்டு கத்தரிக்கு நடுவே இரண்டு அடி விடச் சொன்னால் யாருக்கும் மனம் வருவதில்லை. நாற்று சுண்டுவிரல் அளவு இருக்கும்போது அந்த இடம் வீணாகத்தான் தெரியும்.

சுரையும் பூசணியும் பூத்துப் பூத்துக் கொட்டினால் உடனே மருந்து தேட வேண்டாம். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அடியில் குட்டிக் காய் போன்ற உருண்டை இருந்தால் அது பெண் பூ. வண்டு, தேனீ வராத இடத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவிவிடலாம்; பூசணிக்குக் காலையில், வெள்ளைப் பூ பூக்கும் சுரைக்கு மாலையில்.

பூச்சியைப் பார்த்ததும் கையில் கிடைத்ததை அடிப்பதும் கூடாது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, எண்ணெய் தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், தெளிப்பது வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை பொசுங்கும். கத்தரியின் நுனிக் குருத்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே புழு துளைத்திருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி அழித்தாலே பாதி வேலை முடிந்தது. மயிலுக்கு மட்டும் வலைதான் வழி. குன்றக்குடி மலையே மயில் வடிவம் என்று கும்பிடுகிற ஊரில் அதைத் திட்டவும் வாய் வருவதில்லை. சட்டமும் அதன் பக்கம்தான்.

கடைசியாக, பறிக்க மனம் வராமல் விடுவது. முதல் வெண்டைக்காயை அழகு பார்த்துக்கொண்டே ஒரு வாரம் செடியில் விட்டேன். பூத்த ஐந்தாறு நாளில் பறித்திருக்க வேண்டும். முற்றிய காய் செடியில் இருந்தால் விதை ஆக்குவதிலேயே செடியின் வலு போகும், புதுப் பூ குறையும். நான் பறித்தபோது கத்தியே இறங்கவில்லை. இப்போதெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறேன். ஏழெட்டுக் காய்தான் வரும். நுனி பட்டென்று ஒடிகிறது. அன்றைக்கு வீட்டில் வெண்டைக்காய் மண்டிக் குழம்பு. அரிசி களைந்த கழனித்தண்ணீர் முதலில் அதற்குப் போகும், மிஞ்சியதுதான் செடிக்கு.