பெங்களூரில் ஒரு ஞாயிறு கூடல்: பாட்டு, பேச்சு, கவிதை – முதல்முறை நடத்துபவர்களுக்கு

பூசை இல்லை, கட்சிக் கொடி இல்லை, பொன்னாடை இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் கூடுகிறார்கள். சேர்ந்து பாடுகிறார்கள், ஒருவர் பேசக் கேட்கிறார்கள், கவிதை வாசிக்கிறார்கள், டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். 2013 ஜனவரியில் சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ் என்ற இரு நகைச்சுவைக் கலைஞர்கள் லண்டனில் தொடங்கிய ‘சண்டே அசெம்பிளி’ இந்த வடிவத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. நமக்குத் தேவை அதன் சட்டகம் மட்டும். உள்ளே போடுவது நம் ஊர்ச் சரக்காக இருக்கட்டும்.

நம் இலக்கியக் கூட்டங்களில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று மேடை பேசும், எதிரே இருப்பவர்கள் கை தட்டுவார்கள். இங்கே வந்தவர்கள் எல்லோருமே பாட வேண்டும். கூடல் நன்றாக நடந்ததா என்று பார்க்க ஒரே அளவுகோல் போதும்: பள்ளிக்கூடம் முடித்த பிறகு வாய்விட்டுப் பாடியே இராதவர் இன்று பாடினாரா? கீழே சொல்லும் ஏற்பாடு எல்லாமே அவரை மனத்தில் வைத்துத்தான்.

1. இடமும் நேரமும்

காலை பத்தரைக்குக் கதவு திறந்து, 10:45-க்குத் தொடங்குங்கள். மாலை வேண்டாம். மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் பெங்களூர் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் பிடிக்கும். பாதிப் பேர் வழியில் நின்றுவிடுவார்கள். அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கம் தலைமுறைகளாக இருப்பவர்களும், வைட்ஃபீல்டில் வேலைக்கு வந்தவர்களும் ஒரே அறையில் உட்கார வேண்டுமானால் மெட்ரோவின் ஊதா தடத்தை ஒட்டி இடம் பிடியுங்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவர்கள் ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறி வர வேண்டும், தொடங்குமுன் விட்டிருக்கும் அந்தக் கால் மணி நேரம் அவர்களுக்காக.

அப்பார்ட்மென்ட் கிளப் ஹவுஸ், டியூஷன் சென்டர் வகுப்பறை, பள்ளிக்கூட ஹால் எதுவானாலும் சரி. இடத்தைப் பேசி முடிப்பதற்கு முன்பு நடு அறையில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்ல இடம். ‘ணங்’ என்று இழுத்தால் பேச்சு குழம்பும். தரையில் இரண்டு ஜமுக்காளம் விரித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டால் பெருமளவு சரியாகும். கப்பன் பார்க், லால்பாக்கில் மரத்தடி அழகுதான், ஆனால் இரண்டும் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே கேட்காமல் கூட்டம் போட வேண்டாம். திறந்தவெளியில் குரல் சிதறிவிடும் என்பதால் முதல் கூடலுக்கு அது உகந்ததும் அல்ல.

2. நாற்காலி

நாற்பது பேரை எதிர்பார்த்தால் முப்பது நாற்காலி மட்டும் போடுங்கள். மீதிப் பத்தை ஓரமாக அடுக்கி வையுங்கள், ஆள் வர வர எடுத்துப் போடலாம். மூன்று வரிசை, அரைவட்டம், பக்கத்து நாற்காலிக்கு இடையே ஒரு சாண் போதும். பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழுந்தால்தான் கூச்சப்படுபவர் வாய் திறப்பார். இடையில் நாலு காலி நாற்காலி விழுந்தால் அந்த மூலையே மௌனமாகிவிடும்.

3. பாட்டு: அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

ஒரு கூடலுக்கு மூன்று பாட்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது, இரண்டாவது புதிதாகக் கற்றுக்கொடுப்பது, கடைசி கும்மி மாதிரி கை தட்டிப் பாடுவது. முன்பாட்டு பின்பாட்டாக வரும் நாட்டுப்புறப் பாடல்கள் தொடங்குபவர்களுக்கு வரப்பிரசாதம். ‘தன்னானே’ மட்டும் சொல்லத் தெரிந்தாலும் பாட்டில் சேர்ந்துவிடலாம்.

முதல் கூடல்கள் சறுக்குவது பெரும்பாலும் கட்டையில்தான், அதாவது பாட்டை எந்த உயரத்தில் எடுக்கிறோம் என்பதில்தான். சினிமாப் பாட்டை ஒரிஜினல் கட்டையிலேயே எடுப்பார்கள், பல்லவி சுகமாகப் போகும், சரணத்தில் குரல் எட்டாமல் ஒவ்வொருவராக நிறுத்திவிடுவார்கள். கரோக்கி டிராக் போட்டால் கட்டையை இறக்கவும் வழியில்லை என்று விட்டுவிடுவார்கள். பழகாத குரல்களுக்கு ஒரு விதி: பாட்டின் உச்ச சுரம் கீபோர்டில் மேலே வரும் 2 கட்டையைத் (D) தாண்டக் கூடாது, அடி சுரம் கீழே வரும் 6 கட்டைக்குக் (A) கீழே போகக் கூடாது. ஆண்கள் ஒரு ஸ்தாயியில் (‘ச’ முதல் மேல் ‘ச’ வரையிலான அடுக்கு), பெண்கள் அதற்கு மேல் ஸ்தாயியில் பாடுவார்கள், விதி இருவருக்கும் ஒன்றே.

கணக்கு இப்படி வரும். சட்ஜமத்திலிருந்து (ச) மேல் சட்ஜமம் வரை மட்டும் போகும் மெட்டுக்கு 1 கட்டை (C) அல்லது 2 கட்டை. மேல் அந்தர காந்தாரத்தை (க) தொடும் மெட்டை 6 கட்டைக்கு இறக்குங்கள், உச்சம் ஒன்றரைக் கட்டையில் (C#) நிற்கும். கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ‘ப’) வரை இறங்கி, மேலே தைவதத்தோடு (த) நின்றுவிடும் மெட்டுக்கு 4 கட்டை (F). போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றைச் சின்ன ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். அது இல்லாவிட்டால் கூட்டுக்குரல் வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கும், வேகமும் தளரும்.

முன்னின்று பாட ஒரு ஆண், ஒரு பெண் என ஜோடி வேண்டும். ஆண் மட்டும் எடுத்துக் கொடுத்தால் பெண்கள் எந்த ஸ்தாயியில் சேர்வது என்று தயங்குவார்கள். இருவருக்கும் மைக் கொடுக்காதீர்கள். மைக்கில் ஒரு நல்ல குரல் ஒலித்ததும் மற்றவர்கள் பாடுவதை விட்டுவிட்டு ரசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

புதுப் பாட்டைக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம்:

- முன்பாடுபவர்கள் முழுப் பாட்டையும் ஒருமுறை பாடிக் காட்டட்டும். விளக்கம் ஏதும் வேண்டாம்.
- வரிகளைத் தாளத்தோடு வெறும் பேச்சாகச் சொல்லவையுங்கள். நாக்கு பழகினால் பாதி வேலை முடிந்தது.
- ஒரு வரி பாடி, திருப்பிப் பாடவையுங்கள். பிறகு இரண்டிரண்டு வரியாகச் சேருங்கள்.
- எந்த வரி மேலே ஏறுகிறதோ அதை மட்டும் தனியாக மூன்று முறை.
- எல்லோரும் எழுந்து நின்று முழுதாகப் பாடுங்கள். உட்கார்ந்தால் மூச்சு வயிற்றோடு மடங்கிவிடும்.

தொடங்கும்போது முதல் சுரத்தைக் கொடுத்து, அதே வேகத்தில் ‘ரெண்டு… மூணு…’ என்று எண்ணிக் கையை இறக்குங்கள். எண்ணாமல் தொடங்கினால் முதல் சொல் யாருக்கும் கிடைக்காது.

4. பாட்டுத்தாள்

நாற்பது பேருக்கு இருபது தாள் போதும். இருவருக்கு ஒன்று என்றால் தோள் உரச நிற்பார்கள், அது பாட்டுக்கு நல்லது. எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

இந்த ஊரில் தமிழ் நன்றாகப் பேசி, கன்னடத்தில் மட்டும் படித்தவர்கள் நிறைய. பாட்டுத்தாளின் பின்பக்கம் அதே வரிகளைக் கன்னட எழுத்தில் அச்சிடுங்கள். மென்பொருள் மாற்றித் தருவதை அப்படியே எடுத்துவிட வேண்டாம். நமக்கு ‘கல்’லுக்கும் ‘தங்க’த்துக்கும் ஒரே ‘க’, கன்னடத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. சரிபார்க்காமல் கொடுத்தால் ‘தங்கம்’ ‘தங்க்கம்’ ஆகிவிடும். ‘ழ’வுக்குப் பழைய கன்னடத்தில் இருந்த எழுத்து வழக்கொழிந்துவிட்டதால், ‘ள’ போட்டு அடியில் ஒரு கோடு இழுங்கள். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். அச்சுக்குப் போகும் முன் கன்னடம் மட்டும் படிப்பவர் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, அவருக்கு அன்று கிடைக்கும் மரியாதை பெரியது.

5. பேச்சு

பதினைந்து நிமிடம், ஒரே பொருள். ஏரி நீர் ஏன் நுரைக்கிறது, மூட்டுவலிக்கு என்ன செய்யலாம், வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவை போல, கேட்டுவிட்டு வீட்டில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். பசவனகுடி நேஷனல் காலேஜில் ஹெச். நரசிம்மையா 1962-இல் தொடங்கிய பெங்களூர் சயின்ஸ் ஃபோரம் பாமரருக்கு அறிவியல் சொல்லும் மரபை இந்த ஊருக்குத் தந்தது. அந்த மாதிரி ஆட்கள் நம் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். செவிலியர், எலக்ட்ரீஷியன், ஆசிரியர் என்று கேட்டுப் பாருங்கள்.

முதல்முறை பேசுபவரிடம் ஒரு வாரம் முன்பே போனில் டைமர் வைத்து உரக்கப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பதினைந்து நிமிடம் நேரில் இருபத்தைந்து ஆகும். பன்னிரண்டாவது நிமிடம் முன்வரிசையில் ஒருவர் மஞ்சள் அட்டை காட்டட்டும். கேள்வி நேரம் ஐந்து நிமிடம், ஒருவருக்கு ஒரு கேள்வி. பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிவிட்டுக் கேட்கச் சொன்னால் எதிர்ச் சொற்பொழிவுகள் குறையும், பெண்களின் கேள்விகளும் வெளியே வரும்.

6. கவிதை

நான்கு பேர், ஆளுக்கு இருபது வரிக்குள். ஒவ்வொரு கவிதையும் இருமுறை: முதலில் எழுதியவர், பிறகு வேறொருவர். இன்னொரு குரலில் கேட்கும்போது கவிதையின் பாதி புதிதாகத் தெரியும். முன்னுரை சொல்லிக் கவிதையை விளக்கத் தொடங்கினால் அன்போடு தடுத்துவிடுங்கள். பழம்பாட்டு ஒன்று சேர்க்க விரும்பினால் புறநானூறு 192 (‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’) போதும், பதின்மூன்றே அடி. சொற்களைச் சந்தி பிரித்துத் தாளில் அச்சிட்டால் யாரும் தடுக்கி விழாமல் படிப்பார்கள். கன்னடக் கவிதை ஒன்றும் அதன் தமிழும் ஒவ்வொரு கூடலிலும் இருக்கட்டும். இந்த மண்ணில் வாழ்கிறோம், அதைச் சொல்ல இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

கவிதை முடிந்ததும் ஒரு நிமிட மௌனம். ஃபேன் சத்தம் பெரிதாக இருந்தால் அந்த நிமிடம் மட்டும் நிறுத்துங்கள்.

7. சாமி, சட்டம், காசு

குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து கிடையாது. அதே கண்டிப்போடு, யாருடைய சாமியையும் கேலி செய்வதும் கிடையாது. கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார வேண்டிய இடம் இது. பக்திப் பாட்டு பாடலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இங்கே எல்லோரும் சேர்ந்து பாடக்கூடியதை மட்டும் பாடுகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். கட்டணமில்லாமல் வந்தவர்கள் முன்னால் அமெச்சூர் குழு நேரில் பாடுவதற்கு 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பாடியதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்கு இது பொருந்தாது. வாசலில் ஒரு டப்பா வையுங்கள், விருப்பப்பட்டவர்கள் போடட்டும். போன மாத வரவு செலவை ஒரு நிமிடத்தில் வாசித்துவிடுங்கள்.

8. டீயும் சுண்டலும்

நாற்பது சின்னக் கப்புக்குப் பால் இரண்டரை லிட்டர், தண்ணீர் இரண்டு லிட்டர், டீத்தூள் 100 கிராம். சர்க்கரையைத் தனியாக வையுங்கள். கொண்டைக்கடலை ஒரு கிலோ, சனிக்கிழமை ராத்திரியே ஊறப்போட வேண்டும். வெந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் வரும், ஆளுக்கு ஒரு தொன்னை கணக்கு. மறந்துவிட்டுக் காலையில் வெந்நீரில் போட்டால் நடுவில் கல்லாக நிற்கும்.

அடுத்த கூடலின் தேதியை டீக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டீ வந்த பிறகு யார் காதிலும் ஏறாது. நாற்காலி அடுக்க ஆட்களைத் தேடவும் வேண்டாம், தேதி சொல்லும்போதே கேட்டால் பத்துப் பேர் கை தூக்குவார்கள். சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு நோட்டில் அன்றைய மூன்று பாட்டையும், பாடிய கட்டையையும், எந்த வரியில் குரல்கள் குறைந்தன என்பதையும் எழுதி வையுங்கள். இன்று கற்ற புதுப் பாட்டுதான் அடுத்த மாதம் முதல் பாட்டு. குறைந்த வரி மேலே போனதால் குறைந்தது என்றால் அரைக் கட்டை இறக்கி எடுங்கள்.